உப்புப் போடாத மாவு

கிருஷ்ணம்மாளின் தோசைக்கல்லை யாரும் தொடக்கூடாது. கல்யாணமான புதிதில், கோவில்பட்டியிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் மடியிலேயே வைத்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த கல் அது. முப்பத்தோரு வருஷம் எண்ணெய் குடித்துக் குடித்துக் கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. அதில் சப்பாத்தி போட விடமாட்டாள். முட்டை என்ற பேச்சே கிடையாது. சோப்பு பட்டால் அவ்வளவுதான், கல்லின் பதம் போய்விடும், அப்புறம் தோசை ஒட்டும். டாக்குரியா ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டாம் மாடி வீட்டில் இந்தச் சட்டத்தை மீறத் துணிந்த ஒரே ஆள் அவள் பெற்ற ஒற்றைப் பிள்ளை மணிவேல்.

மணிவேல் நியூ டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். வாரம் முழுக்க அங்கேயே நண்பர்களோடு தங்கிவிட்டுச் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். வந்ததும் வராததுமாகக் கையைக் கழுவிக்கொண்டு மைதா பிசைய உட்கார்ந்துவிடுவான். பீட்சா! கடையில் வாங்குகிறதெல்லாம் அட்டை என்பான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்து, மாவைத் தளரப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடித் தன் அறை மேஜையில் வைப்பான். மேற்குப் பார்த்த அறை, வீட்டிலேயே சூடான இடம் அதுதான். இரண்டு மணி நேரம் கழித்து ஆள்காட்டி விரலால் மாவை ஒரு அமுக்கு. "எம்மா, பாரு. குழி டக்குனு மேல வந்தா இன்னும் நேரம் இருக்கு. மெதுவா வந்தா ரெடி. வரவே இல்லன்னா மாவு போச்சு."

முன்னறையில் பேப்பருக்குப் பின்னாலிருந்து அவன் அப்பா உத்தமன் குரல் கொடுப்பார். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் புரட்டி ஓய்வு பெற்றவர், பேச்சு குறைவு. ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் ஒரு சனிக்கிழமையும் விட்டதில்லை.

"என்னலே, ரெடியா?"

"ஆர் ஏக்டு, அப்பா!" என்பான் மணிவேல். 'இன்னும் கொஞ்சம்' என்பதை அவனுக்கு வங்காளத்தில் சொல்லித்தான் பழக்கம். பிறந்து வளர்ந்த ஊர் அவன் நாக்கில் அப்படி உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்குள்ள தமிழ்ல பேசுடா என்று கிருஷ்ணம்மாள் சமையலறையிலிருந்து கத்துவாள்.

வீட்டில் ஓவன் கிடையாது. அதற்கும் அவன் வழி கண்டுபிடித்திருந்தான். ஒரு அடுப்பில் அம்மாவின் தோசைக்கல், பக்கத்து அடுப்பில் கனத்த இரும்புச் சட்டி. இரண்டும் புகையப் புகையக் காய்ந்ததும், கையாலேயே இழுத்து விரித்த மாவைக் கல்லில் போட்டு, தக்காளியும் பூண்டும் சேர்த்து வதக்கிய சாஸைத் தடவி, சீஸைத் தூவி, சூடான சட்டியை அதன்மேல் கவிழ்த்துவிடுவான். கீழேயும் மேலேயும் ஒரே நேரத்தில் வெந்து, ஓரமெல்லாம் கருகல் புள்ளியோடு உப்பி வரும். கிருஷ்ணம்மாள் கதவு நிலையில் சாய்ந்து நின்று திட்டிக்கொண்டே பார்ப்பாள். கொடுத்தால் இரண்டு துண்டு தின்னவும் செய்வாள்.

போன வருஷம் துர்கா பூஜோ முடிந்து வந்த சனிக்கிழமை சீஸ் வழிந்து கல்லெல்லாம் தீய்ந்துவிட்டது. அம்மா கோபிப்பாளே என்று, அவள் கோயிலுக்குப் போன நேரத்தில், அந்தப் பிள்ளை உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சோப்பும் கம்பி நாரும் போட்டுக் கல்லைத் தேய்த்து, பளபளவென்று வெள்ளையாக்கிக் கவிழ்த்து வைத்திருந்தான். கிருஷ்ணம்மாள் வந்து பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் போயிருந்தது. அவளுக்கு வாய் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. "இனிமே இந்த வீட்டு அடுப்புப் பக்கம் வந்தே, பாத்துக்கோ! ஒனக்கு வேணும்னா தனியா ஒரு வீடு எடுத்துப் பண்ணித் தின்னு. இங்க வராத!"

அவன் சிரித்துச் சமாளித்துப் பார்த்தான். அவள் முகம் இளகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. டெங்கு. நண்பர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போன் செய்தார்கள். இவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்த மறுநாள் நினைவு தப்பியது. ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்தது. வயது இருபத்தொன்பது.

இங்க வராத என்று சொன்ன வாயை என்ன செய்வது? கிருஷ்ணம்மாள் கல்லைத் திரும்பப் பழக்கினாள். வெங்காயம் தேய்த்தாள், எண்ணெய் தேய்த்தாள், வாரக்கணக்கில் காய்ச்சினாள். தோசை ஒட்டியது. ஒவ்வொரு நாளும் ஒட்டியது. கல்லுக்குள் அவன் இருந்துகொண்டு விடமாட்டேன் என்கிறான் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. உத்தமனோ மகன் பெயரையே எடுக்கவில்லை. அவன் அறை வாசலைக்கூட மிதிக்கவில்லை. பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் இருப்பார்.

இந்த ஆவணியில், கார்டன் ரீச் காலத்து நண்பர் வேலாயுதம் வந்து, வருஷத் திதி பற்றிப் பேச்செடுத்தார். இந்த மாதிரி விஷயத்திலெல்லாம் தனக்கு மட்டுமே பாடம் தெரியும் என்று நினைக்கிற மனிதர் அவர். "ஒரு வருஷம் வரைக்கும் வீட்டையே சுத்திக்கிட்டு இருக்கும்மா. பிடிச்சதைப் பண்ணிப் படைச்சு, காக்கா எடுத்துட்டா, திருப்தியாப் போய்ச் சேந்துரும். எடுக்கலைன்னா மனக்குறைன்னு அர்த்தம். அவனுக்கு என்ன பிடிக்கும்?"

"பீட்சா."

"அதையா படைப்பீங்க?" என்று முகத்தைச் சுளித்தார். தன் அப்பாவுக்குச் சாராயமும் சுருட்டும் வைத்துப் படைத்த மனிதர்தான்! பீட்சாதான் அவருக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

கடையில் வாங்கி வைத்தால் அது படையல் ஆகாது. கையால் செய்யவேண்டும். படைத்து முடிகிறவரை ருசியும் பார்க்கக்கூடாது. ஆகவே கை பழகுவதற்காகச் சனிக்கிழமைதோறும் கிருஷ்ணம்மாள் மைதாவோடு உட்கார்ந்தாள். முதல் வாரம் சப்பாத்தி மாவாட்டம் இறுக்கிப் பிசைந்து, கட்டையால் தேய்த்து, அப்பளம் பண்ணினாள். அடுத்த வாரம் தண்ணீர் கூடிப்போய்க் கையோடு வந்துவிட்டது. அப்புறம் மெல்ல மெல்ல வந்தது. திட்டிக்கொண்டே பார்த்ததெல்லாம் கண்ணுக்குள் அப்படியே இருந்தது: கையை எப்படி நனைத்துக்கொண்டான், மாவை எத்தனை மடிப்பு மடித்தான், ஓரத்தை விட்டுவிட்டு நடுவை மட்டும் எப்படி அமுக்கினான். உத்தமன் போட்டதைத் தின்றார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு சொல் கிடையாது.

ஐந்தாவது சனிக்கிழமை, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து, அவன் மேஜையில் வைத்திருந்த மாவைப் பார்க்க அறைக்குப் போனாள். துணியை விலக்கினாள். மாவின் நடுவில் ஒரு விரல் குழி. பாதி மேலே ஏறியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் ஏறியது.

அவளுக்குப் பயமில்லை, சந்தோஷம். வந்திருக்கிறான்! வராதே என்று சொன்ன வீட்டுக்கு வந்திருக்கிறான்! யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் குழி இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. வெள்ளிக்கிழமையே அறையைக் கூட்டித் துடைத்து, அவன் சட்டை ஒன்றை நாற்காலியில் போட்டுவைக்க ஆரம்பித்தாள். குழி ஏறி மறைகிறவரை குனிந்து நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். இப்போது அவள் பீட்சாவுக்காக மாவு பிசையவில்லை. அந்தக் குழிக்காகப் பிசைந்தாள்.

திதி நெருங்க நெருங்க அவளுக்கு வேலாயுதம் சொன்னதே நினைவாக இருந்தது. படைத்தால் போய்விடுவான். நன்றாகச் செய்து படைத்தால் நன்றாகவே போய்விடுவான். இத்தனை பாடுபட்டுக் கை பழகியது பிள்ளையை வழியனுப்பவா? ஒரு வாரம் யோசித்தாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். மாவிலும் சாஸிலும் உப்புப் போடமாட்டாள். ருசி பார்க்கக்கூடாது என்பதால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காக்கா தொடாது. மனக்குறையோடு இருந்துவிட்டுப் போகட்டும், வீட்டிலேயே இருக்கட்டும். பெற்ற பிள்ளையிடமே இப்படி ஒரு கள்ளத்தனம் செய்கிறோமே என்று இருந்தது. ஆனாலும் செய்தாள்.

திதி அன்று காலை ஆறரைக்கு மாவைப் பிசைந்து அறையில் வைத்தாள். உப்பு டப்பா மூடியே திறக்கவில்லை. வாழையிலையும் பூவும் வாங்கிவர லேக் மார்க்கெட்டுக்கு உத்தமனை அனுப்பினாள். இன்றைக்கு அவனைப் பார்த்தே தீருவது என்று, அறையின் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தாள். ஒரு உள்ளூர் ரயில் பாலத்தைத் தடதடக்க வைத்துப் போயிற்று. அப்புறம் ஓசையில்லை.

எட்டரை இருக்கும். வெளிக்கதவு திறந்தது. மெல்லக் காலடி. அறைக்கதவு முனகியது. 'மணி' என்று அவள் வாய்வரை வந்துவிட்டது.

உத்தமன். கையில் சுருட்டிய வாழையிலை. அதைக் கட்டிலில் வைத்துவிட்டு மேஜையருகே போனார். துணியை விலக்கினார். விரலை நீட்டி மாவை அமுக்கிவிட்டு, யாரோ தூங்குகிறவனை எழுப்புகிற குரலில் கேட்டார்.

"என்னலே, ரெடியா?"

கிருஷ்ணம்மாள் எழுந்தேவிட்டாள். "நீங்களா? இத்தன வாரமும் நீங்கதானா? நான் எம்பிள்ளை வாரான்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்! ரெண்டாந்தடவையும் அவனைப் பறிகொடுக்க வச்சிட்டீங்களே!"

அவர் திரும்பவில்லை. அவள் அங்கே இருந்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை போலிருந்தது. மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "மேல வரல, கிருஷ்ணம்மா."

"என்ன?"

"குழி மேல வரல. எப்பவும் வரும். விரலைத் தள்ளும்." அவருக்கு உதடு கோணியது. "ஆஸ்பத்திரில அவன் கையைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டே கெடந்தேன். ஒரு தடவையாவது திருப்பி அமுக்குவான்னு. அத்தன நாளும். ஒண்ணுமே வரல. இது வந்துது, கிருஷ்ணம்மா. அமுக்குனா மேல வந்துது. இன்னைக்கு வரல. போயிட்டாம் போல."

முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதர் அழுது அவள் பார்த்ததில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாதவர், மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். அவளுடைய கோபம் இருந்த இடம் தெரியவில்லை. இந்த வீட்டில் தன்னைப்போலவே இன்னொரு ஆளும் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு வருஷமாக அது அவளுக்குத் தெரியவே இல்லை.

"அவன் போகல. நாந்தான் கெடுத்துட்டேன்," என்றாள். "உப்பே போடல. உப்பு இல்லன்னா மாவு அவசரப்பட்டுப் பொங்கி அடங்கிரும். அவன்தான் சொல்லுவான்." எதற்காகப் போடவில்லை என்பதையும் சொன்னாள், ஒன்று விடாமல். சொல்லி முடித்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உத்தமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பசியோட இருக்க வச்சிராத, புள்ள. அவன் பசி தாங்கமாட்டான்," என்றார்.

அந்தச் சொல்தான் அவளை உசுப்பியது. மாவைச் சமையலறைக்குத் தூக்கிப்போனாள். உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துத் தெளித்துப் பிசைந்தாள். அடங்கிக் கிடந்த மாவு கைக்குள் மெல்லத் திரண்டது. சாஸுக்கும் உப்புச் சேர்த்தாள். மறுபடி மூடி வைத்துவிட்டு, இரண்டு பேரும் அவன் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பத்தேமுக்காலுக்கு உத்தமன் விரலை வைத்தார். குழி விழுந்தது. மெதுவாக, மிக மெதுவாக மேலே வந்தது.

கல்லும் சட்டியும் புகைந்தன. சீஸ் வழிந்து கல்லில் தீய்ந்தது, அவள் கண்டுகொள்ளவில்லை. தோசைக்கு வேறு கல் வாங்கிக்கொள்ளலாம். இலை போட்டு, விளக்கேற்றி, அவன் போட்டோவுக்கு முன்னால் பீட்சாவை வைத்தார்கள். முதல் துண்டை உத்தமன் மொட்டை மாடிச் சுவரில் வைத்துவிட்டு விலகி நின்றார். கல்கத்தாவில் காக்கைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அன்றைக்கு ஒன்றையும் காணோம். கிருஷ்ணம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். "வந்து சாப்பிட்டுட்டுப் போ, மணி," என்றாள். 'போ' என்பதை அவள் தெரிந்துதான் சொன்னாள்.

பக்கத்துக் கூரையிலிருந்து ஒரு காக்கை தத்தித் தத்தி வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. துண்டைக் கவ்வி இழுக்க, சீஸ் நூலாக நீண்டது. கொஞ்சம் போராடிவிட்டு அதையும் அறுத்துக்கொண்டு பறந்தது. உத்தமனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கீழே வந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். உப்புச் சரியா இருக்கு என்றார் உத்தமன்.

அடுத்த சனிக்கிழமை கிருஷ்ணம்மாள் மாவு பிசைந்து அதே மேஜையில் வைத்தாள். மத்தியானம் தூங்கவில்லை, தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். உத்தமன் பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து அந்த அறைக்குள் போவது தெரிந்தது. அப்புறம் அங்கிருந்தே கேட்டார்.

"ரெடியா?"

பதிலுக்கு வீடு காத்திருந்தது. அவளும்தான் காத்திருந்தாள், ஒரு நிமிஷம். பதில் சொல்ல இனி அங்கே யாரும் இல்லை.

"ஆர் ஏக்டு," என்றாள் கிருஷ்ணம்மாள்.