மூன்று நிமிடச் செபம்

சாவகச்சேரிப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன அமெரிக்கன் மிசன் கோயிலுக்குச் சரித்திரம் எழுத ஒருவரும் முன்வரவில்லை. தேவையும் இருக்கவில்லை. மூப்பர் செபநாயகம் ஞாயிற்றுக்கிழமை எழும்பிச் செபம் பண்ணினால் சரித்திரம் முழுக்க வந்துவிடும். எழுதி வைத்து வாசிக்கிற வழக்கம் அங்கே இல்லை. மனதில் வருவதைச் சொல்ல வேண்டும். அவர் மனதில் வராதது ஒன்றுமில்லை. பாய்க்கப்பலில் வந்த வெள்ளைக்காரப் போதகரில் தொடங்கி, காணி கொடுத்தவர், கிணறு வெட்டியவர், கூரைக்குப் பனை தறித்துத் தந்தவர் என்று எல்லாருக்கும் நன்றி சொல்லி, நோயாளிகளைச் சுகம் விசாரித்து, கடைசியில் வெளிநாடு போன பிள்ளைகளிடம் வந்து சேருவார். இருபது நிமிடம் போயிருக்கும்.

மனுசன் ரயில் நிலையத்தில் ரிக்கற் கொடுத்தவர். தொண்ணூறில் சண்டையால் ரயில் நின்றது, செபம் நிற்கவில்லை. போகிற பிள்ளைகளும் கூடிக்கொண்டே போனார்கள். கனடாவில் பதினொரு பேர், ஜேர்மனியில் ஆறு பேர். ஒருவரையும் விடமாட்டார்.

தொண்ணூற்றிரண்டில் பொம்பர்கள் காலை பத்து மணியளவில் வந்து குண்டு போடத் தொடங்கின. ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆராதனையை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சபைக் கூட்டத்தில் பேச்சு வந்தது. பொன்மணி ரீச்சர் எழும்பினார். மணிக்கூட்டைப் பார்க்காமல் எதையும் செய்யாத மனுசி.

"அண்ணை குறை நினைக்கக்கூடாது. செபம் மூண்டு நிமிசம் போதும்."

சபை முழுக்கக் கை உயர்த்தியது. செபநாயகத்தின் மனைவியும் உயர்த்தியதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் கிணற்றடியில் நின்று செபத்தை வெட்டிக் குறைத்தார். வெள்ளைக்காரர் மோட்சம் போய் நெடுங்காலம், இனி அவர்களுக்கு என்ன குறை என்று முதலில் அவர்களை வெட்டினார். காணியும் கிணறும் பனையும் போயின. அப்படியும் ஏழு நிமிடம். வேறு வழியின்றி, "கடல் கடந்த எங்கடை பிள்ளையள் எல்லாரையும்" என்று பதினேழு பேரையும் ஒரே வரியில் அடக்கினார்.

ஞாயிறு வந்தது. மூன்று நிமிடம் ஆகமுன்னமே ஆமென். போதகர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அவர் கண்டதே இல்லை.

எல்லாரும் போனபிறகும் பொன்மணி ரீச்சர் கோயில் வாங்கிலிலேயே உட்கார்ந்திருந்தார். பாராட்டத்தான் இருக்கிறார் என்று நினைத்துச் செபநாயகம் கொஞ்சம் பெருமையோடுதான் கிட்டப் போனார்.

"நேசராஜான்ரை பேர் வரேல்லை, அண்ணை."

நேசராஜா ரீச்சரின் ஒரே மகன். ஜேர்மனிக்கென்று புறப்பட்டவன்.

"நீங்கள்தானே ரீச்சர் சுருக்கச் சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான். பத்து மாசமாக் கடிதமில்லை. வீட்டிலை பேரை எடுத்தால் இவர் எழும்பிப் போயிடுவார். சனமும் இப்ப விசாரிக்கிறேல்லை. கிழமையிலை ஒருக்கா நீங்கள்தான் அவன்ரை பேரைச் சொல்லுறனீங்கள்."

செபநாயகத்துக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ரீச்சருக்குப் பக்கத்தில் இருந்து கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, நேசராஜா..."

அதற்குமேல் அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நெடுநேரம் பொறுத்து, ரீச்சர்தான் ஆமென் சொன்னார்.