மூன்று வேலை நாட்களுக்குள்

ஆலோசனை மட்டும் சொல்லுகிற அரசாங்க உத்தியோகம் ஒன்று இருக்கிறது என்றால் நான் இருக்கும் வெள்ளவத்தையில் ஒருவரும் நம்புவதில்லை, ஆனால் இருபது வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இணையத்தில் ஒரு கடையைத் தேடிப் போகிறீர்கள், மேலே ஒரு முகவரி தெரிகிறதல்லவா, அந்தப் பெயர்தான் டொமைன். அந்தப் பெயர்களுக்கு விதி போடுவது எந்த அரசாங்கமும் இல்லை. அதற்கென்று ஓர் உலக அமைப்பு இருக்கிறது. அதில் அரசாங்கங்களுக்கு ஒரு குழு ஒதுக்கியிருக்கிறார்கள். குழு ஆலோசனை சொல்லலாம். அமைப்பு கேட்டாலும் கேட்கும், கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று மிகவும் மரியாதையாகக் கடிதம் எழுதும்.

இலங்கையின் சார்பில் அந்தக் குழுவில் இருப்பது கொழும்புக் கோட்டையில் உள்ள எங்கள் அலுவலகம், அதாவது நான். கூட்டங்களில் இருந்து இருந்து இடுப்பு விட்டுப்போன, "இந்த வசனத்தை அடுத்த பந்திக்குக் கொண்டுபோகலாமா" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன சக உத்தியோகத்தர்களே, உங்களுக்கு இதில் ஒன்றும் புதிதாக இருக்காது. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் பெரிசு

காலி வீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஒருநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கடையின் இணையப் பெயரைப் புதுப்பிக்க மறந்திருக்கிறார். எங்கேயோ இருக்கும் யாரோ அதை உடனே எடுத்துக்கொண்டார்கள். இப்போது கூறைச் சேலை பார்க்கப் போகிறவர்களுக்குச் சூதாட்ட மேசை தெரிகிறது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் எல்லாம் போன் எடுத்து "என்ன அண்ணை, தொழில் மாத்தியாச்சோ" என்று கேட்கிறார்களாம். அந்தப் பெயரை இன்றைக்கே பிடுங்கித் தரவேண்டும் என்று நின்றார்.

எங்களால் எதையும் பிடுங்க முடியாது, இப்படியான விஷயங்களில் என்ன செய்யலாம் என்று உலக அமைப்புக்கு ஆலோசனைதான் சொல்லலாம் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். எழும்பிக் கதவு வரை போய்த் திரும்பிச் சொன்னார்: "வாசல்ல இலங்கை அரசாங்கம் எண்டு இவ்வளவு பெரிய போர்ட் தொங்குது. ஆலோசனைதான் சொல்லுவியள் எண்டால், தங்கச்சி, அதை என்ட மனிசி வீட்டில சும்மாவே சொல்லுறாள்."

ஆட்சேபணை உண்டா?

எங்கள் குழுவில் வாக்கெடுப்பு கிடையாது. தலைவர் வாசகத்தை வாசிப்பார். "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். ஒரு பத்து விநாடி காத்திருப்பார். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் உலகத்து அரசாங்கங்கள் எல்லாம் ஒருமனதாக ஒத்துக்கொண்டன என்று எழுதிவிடுவார்கள். ஒரு நாடு கையை உயர்த்தினாலும் வாசகம் நின்றுவிடும், மறுபடி பேச்சுத் தொடங்கும். என்னுடைய முதல் கூட்டத்தில் அந்தப் பத்து விநாடியும் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். போத்தலை மூடுவதற்குள் இலங்கை சம்மதித்து முடிந்திருந்தது.

பதறிப்போய் எங்கள் பணிப்பாளரிடம் ஓடினேன். அவர் கோபப்பட்டதை இதுவரை ஒருவரும் கண்டதில்லை. அமைச்சு ஒப்பமிட்ட குறிப்பு கையில் இல்லாமல் கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்பதுதான் அவர் எனக்குச் சொல்லித்தந்த ஒரே விதி. அன்றைக்குச் சிங்களத்தில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பேசினால் யார் பேசச் சொன்னது என்று கேட்பார்கள், மிஸ். பேசாமல் இருந்ததற்கு இதுவரை ஒருவரிடமும் விளக்கம் கேட்டதில்லை."

நாலாம் மாடி

பிறகு அந்த விஷயம் வந்தது. ஒருவரின் உயிர் ஆபத்தில் இருக்கிறது, அதற்குக் காரணம் ஓர் இணையத்தளம். அந்தப் பெயரை வாங்கியது யார் என்று பதிவு செய்த நிறுவனத்திடம் பொலிஸ் கேட்கிறது. நிறுவனம் எவ்வளவு நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும்? இருபத்துநாலு மணித்தியாலம் என்று சில அரசாங்கங்கள் சொல்லின. எங்களுக்கும் சனி ஞாயிறு உண்டு, வேலை நாள் கணக்கில் வையுங்கள் என்றன நிறுவனங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே கூட்டத்துக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். உயிராபத்துக்கு லீவு நாள் கிடையாது, இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு மேல் போனால் இலங்கை ஆட்சேபிக்கும் என்று நேராகவே எழுதினேன். இருபது வருடத்தில் நான் எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். ஒப்பத்துக்காக அமைச்சுக்குப் போன ஃபைல் போனதுதான். கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் சட்ட அதிகாரி நஸ்ரினை நேரில் அனுப்பினேன். வியர்த்து விறுவிறுத்து வந்து கதிரையில் விழுந்தாள். "மூணாம் மாடியில கேட்டா ஃபைல் மேல போயிட்டு எண்டு செல்றாங்க. அந்தக் கட்டடத்தில நாலாம் மாடியே இல்ல. எங்க மேல போற?"

பத்து விநாடி

கூட்டம் வெளிநாட்டில். எங்களுக்குப் போக அனுமதி வராததால் நான் கொழும்பில் கொன்பரன்ஸ் ரூமில் திரைக்கு முன்னால் இருந்தேன். பின்னேரம் மூன்று மணி. புஷ்பம் டீ கொண்டுவந்து வைத்தாள். புஷ்பம் எங்கள் அலுவலக உதவியாளர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவள். புருஷன் இல்லை. ஒரே மகன் சதீஸ் ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்டில் வேலை செய்துகொண்டிருந்தான்.

தலைவர் ஒரு சமரச வாசகத்தை வாசித்தார். உயிராபத்தான வேளைகளில் மூன்று வேலை நாட்களுக்குள் பதில். ஆட்சேபணை உண்டா? திரையின் மூலையில் கை உயர்த்தும் பொத்தான் இருந்தது. என் மவுஸ் அதன் மேலேயே நின்றது. ஒப்பமிட்ட குறிப்பு வரவில்லை. வேறு யாராவது ஒரு நாடு பேசும் என்று பார்த்தேன். அவர்களும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். பத்து விநாடி போனது. தலைவர் நன்றி சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள்.

புஷ்பம் கோப்பையை எடுக்க வந்தாள். அதில் ஆடை படிந்து கிடந்தது. "டீ ஆறிப்போச்சே மிஸ். இம்புட்டு நேரம் ஒண்ணுமே பேசாமதானே இருந்தீங்க, குடிச்சிருக்கலாம்ல?"

பச்சை மை

கூட்டம் முடிந்து ஒன்பதாம் நாள் ஃபைல் திரும்பி வந்தது. என் குறிப்பில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. கீழே பச்சை மையில் "அங்கீகரிக்கப்பட்டது" என்று அழகான கையெழுத்து. பெரிய அதிகாரிகள் மட்டும் தொடுகிற இந்தப் பச்சை மையைக் காண ஏங்கிய உத்தியோகத்தர்களுக்கு என் நிலை விளங்கும். பணிப்பாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். வாசித்துத் தலையாட்டினார். "நல்ல குறிப்பு, மிஸ். பத்திரமாக வையுங்கள், எப்போதாவது உதவும்."

விரல் கணக்கு

அடுத்த வருடம் எங்கள் ஆலோசனை விதியாகிவிட்டது. ஆம், இந்த ஆலோசனையை மட்டும் அமைப்பு உடனே கேட்டது. அந்த வருடம்தான் சதீஸ் வெளிநாட்டு வேலை ஒன்றுக்கு இணையத்தில் விண்ணப்பித்தான். பார்த்தால் பெரிய ஏஜென்சியின் தளம் மாதிரியே இருக்கும், தமிழ் பேசும் ஒருவர் போனில் எல்லாம் விளக்கினார். தாய்லாந்தில் கணினி வேலை என்றார்கள். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பறித்து, எல்லை தாண்டிக் கொண்டுபோய், ஒரு மதில் சூழ்ந்த கட்டடத்தில் அடைத்து, முன்பின் தெரியாதவர்களைப் போனில் ஏமாற்றும் வேலைக்கு வைத்தார்கள். மாட்டேன் என்றால் அடி. ஒரு புதன்கிழமை ஒளித்து எடுத்த போனில் தாயிடம் அழுதிருக்கிறான். அது எந்த ஊர் என்று அவனுக்கே தெரியாது. வருகிற திங்கட்கிழமை வேறு ஆட்களுக்குக் கைமாற்றப் போகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

அவனை எங்கே அனுப்பினார்கள் என்பது அந்தத் தளத்தை நடத்துகிறவனுக்குத் தெரியும். அவன் யார் என்பது பெயரைப் பதிந்த நிறுவனத்துக்குத் தெரியும். வியாழன் மத்தியானம் பொலிசின் கடிதத்தோடு அவசர விண்ணப்பத்தை நானே நிரப்பி அனுப்பினேன். "உயிராபத்து" என்ற கட்டத்தில் அடையாளம் போட்டேன். உடனே தானியங்கிப் பதில் வந்தது: மூன்று வேலை நாட்களுக்குள் தொடர்புகொள்வோம். மறுநாள் பெரிய வெள்ளி. பிறகு சனி, ஞாயிறு. திங்கள் அவர்கள் நாட்டில் ஈஸ்டர் விடுமுறை. ஆகவே செவ்வாய், புதன், வியாழன். போன் எடுத்துப் பார்த்தேன். விடுமுறை முடிந்து அழைக்கும்படி ஒரு குரல் பாட்டுப் போட்டுவிட்டுச் சொன்னது.

புஷ்பத்துக்கு இதை நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாள். ஒரு கை முடிந்து மற்றக் கைக்குப் போனாள். பிறகு கேட்டாள்: "வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் எல்லாம் கணக்குல வராதா மிஸ்? அவன் அங்க அந்த நாலு நாளும் இருப்பான்ல?"

விலாசம்

பதில் அடுத்த வியாழன் காலை வந்தது. விதியை அவர்கள் ஒரு மணித்தியாலமும் மீறவில்லை. பெயரும் விலாசமும் தெளிவாக இருந்தன. விலாசத்தை வாசித்துவிட்டு நஸ்ரினிடம் நீட்டினேன். நான் ஏதோ வெளிநாட்டுத் தெருப் பெயரை எதிர்பார்த்திருந்தேன். அது கொழும்பிலேயே, கிராண்ட்பாஸில் ஓர் ஒழுங்கை. கொட்டாஞ்சேனையில் புஷ்பத்தின் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

பொலிஸ் போனது. நானும் நஸ்ரினும் த்ரீவீலரில் பின்னால் போனோம். மேல்மாடி அறை திறந்து கிடந்தது. மேசைகள் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது, சுவரில் வயர்கள் தொங்கின. கீழ்வீட்டில் இருந்த முஸ்லிம் பெண்ணுக்கு நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று நஸ்ரின் விளங்கப்படுத்தினாள். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "போன வெள்ளிக்கிழமையும் நோம்புக் கஞ்சி குடுத்தனுப்பினேன், மேல இருந்தவர்தான் கதவத் தொறந்து வாங்கினார். திங்கக்கிழமைதானே வேன்ல சாமான் எல்லாம் ஏத்திட்டுப் போனாங்க. நீங்க கொஞ்சம் முந்தி வந்திருக்க ஏலாதா?"

விளக்கம்

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு சதீசிடமிருந்து அழைப்பு இல்லை. தூதரகத்துக்கு எழுதினோம், இன்னும் எழுதுகிறோம். புஷ்பம் வேலைக்கு வருகிறாள். போனைச் சட்டைப் பைக்குள் வைத்து, டீ ஊற்றும்போதும் ஒரு கையால் அதைத் தொட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் காலை என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அந்த மூன்று நாள் கணக்கைப் போட்டது யார் என்று கேட்டாள். எல்லா அரசாங்கமும் சேர்ந்து ஒத்துக்கொண்டது என்றேன். "நம்ம கவுருமெண்டுமா?" ஓம் என்றேன். "நம்ம சார்புல யாரு மிஸ் போனாங்க?"

உலக அமைப்பு, சமரச வாசகம் என்று ஆயிரம் சொல்லித் தப்பியிருக்கலாம். அந்தக் கலையில் எங்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. இருபது வருடத்தில் பேசாதிருந்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஆகவே சொன்னேன். அன்றைக்குத் திரைக்கு முன்னால் இருந்தது நான், பத்து விநாடி இருந்தது, கையை உயர்த்தியிருந்தால் வாசகம் நின்றிருக்கும், அனுமதி வரவில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன். பச்சை மை போட்ட குறிப்பையும் எடுத்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை, என்னைக் கொஞ்சம் நல்லவளாக நினைக்கமாட்டாளா என்ற ஆசையாக இருக்கும். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருந்ததால் நானே தமிழில் வாசித்துச் சொன்னேன்.

அவள் கடதாசியை வாங்கி, மடிப்பு விழாமல் மேசையில் திரும்ப வைத்தாள். "இம்புட்டுத் தெளிவா எழுதி வச்சிருக்கீங்களே மிஸ். அன்னிக்கு நான் டீ கொண்டாந்தப்ப நீங்க வாயத் தொறந்திருந்தா, உங்கள யாரு என்னா செஞ்சிருப்பாங்க?"

இருபது வருடமாக ஆலோசனை சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன், நான் சொன்னது ஒன்றுகூட நடந்ததாக ஞாபகம் இல்லை, சொல்லாமல் விட்ட ஒன்றுதான் எழுத்துப் பிசகாமல் நடந்தது.