குரல் மிச்சம் இருந்தால்

அந்த அச்சகத்தில் அவளுக்கு வாய்விட்டுப் படிக்கிற வேலை. எழுதியவரின் கையெழுத்துப் பிரதியை அவள் படிப்பாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பிழைதிருத்துபவர் அச்சான தாளில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பார். சொற்களை மட்டும் படித்தால் போதாது. கமா வந்தால் ‘கமா’ என்று சொல்ல வேண்டும், முற்றுப்புள்ளி வந்தால் ‘புள்ளி’, பத்தி மாறினால் ‘பத்தி’. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் மாலை ஐந்து வரை இப்படியே போகும். ஏழு வருடமாகப் படிக்கிறாள். அச்சகத்தில் எல்லோரும் அவளை ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. உணர்ச்சியோடு படிக்கக் கூடாது. ஏற்ற இறக்கம் வைத்துப் படித்தால் கேட்கிறவர் விஷயத்துக்குள் போய்விடுவார், பிழை கண்ணில் படாது. அதனால் கொலையானாலும் காதலானாலும் ஒரே தொனிதான். ‘அவள் தேம்பித் தேம்பி அழுதாள் புள்ளி பத்தி’ என்று தண்ணீர்க் கட்டண ரசீதை வாசிப்பதுபோல் வாசித்துவிட்டு அவள் அடுத்த தாளைத் திருப்புவாள்.

எதிரே உட்கார்கிறவரின் பெயர் கண்ணாடி. பாட்டில் அடிபோல் தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் வந்த பெயர். பிழை பிடிப்பதில் சூரர், ஆனால் படித்த எதுவும் அவர் மண்டையில் நிற்காது. ஒரு நாவல் முழுக்கத் திருத்தி முடித்த பிறகு, “எதைப் பத்தினது அண்ணா அது?” என்று அவள் கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு, “நானூத்திப் பன்னெண்டு பக்கம்” என்றார்.

அந்த மாதம் ஒரு குழந்தைகள் டாக்டரின் புத்தகம் வந்தது. தாய்மார்களுக்கான கையேடு. சின்னக் குழந்தைகளின் கோபம், பயம், பிடிவாதம் இவற்றை எப்படிக் கையாள்வது என்று பதினான்கு அத்தியாயங்கள். டாக்டரம்மா எல்லாவற்றையும் பச்சை மையில் கையாலேயே எழுதியிருந்தார். அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கடையில் வாங்கிப் படிக்க நேரம் கிடைக்காத புத்தகம் மேசை தேடி வந்திருக்கிறது.

அந்தப் புத்தகம் அவளுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. அவளுடைய மகள் கடிக்க ஆரம்பித்திருந்தாள்.

மகளுக்கு நான்கு வயது. வீட்டில் வாண்டு என்று பெயர். அச்சகத்திலிருந்து பேருந்தில் இருபது நிமிடத் தொலைவில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் பகல் முழுவதும் இருப்பாள். முதலில் ஒரு பையனின் தோளைக் கடித்தாள், ஒரு பிளாஸ்டிக் பஸ்ஸுக்காக. பிறகு ஒரு பெண் குழந்தையின் கன்னத்தை. கன்னத்துக்காரியின் அம்மா செல்போனில் படம் எடுத்து, பல்தடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள்.

காப்பகத்தை நடத்தும் டீச்சர் நல்ல மனுஷிதான். குரலை உயர்த்தாமலேயே சொன்னார். “இன்னொரு தடவை நடந்துச்சுன்னா என்னால வச்சுக்க முடியாதும்மா. மத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும்.”

அந்தப் பக்கத்தில் வேறொரு காப்பகம் இருந்தது. அது மூன்று மணிக்கே மூடிவிடும். மாமியார் தன் மகளின் பிரசவத்துக்குத் துணைக்குப் போனவர், பேரனைக் கையில் வாங்கியதோடு அங்கேயே தங்கிவிட்டார். கணவனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பான், மற்ற நாளெல்லாம் போனில் இருப்பான். ஆக, இந்த இடம் போனால் வேலையும் போகும். டீச்சரிடம் தலையாட்டிவிட்டு வெளியே வரும்போதே அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

எனவே பகலில் வாசித்ததை மாலையில் செய்து பார்த்தாள். இரண்டாம் அத்தியாயம், குழந்தையின் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னது. அன்று வாண்டு செருப்பைக் கழற்றிச் சுவரில் எறிந்தாள். அவள் புத்தகத்தில் இருந்தபடியே முழங்கால் போட்டு, மகளின் கண்மட்டத்துக்கு இறங்கினாள்.

“உனக்கு இப்போ கோவமா இருக்கு, இல்லையா?”

“எனக்கு இல்ல. செருப்புக்குத்தான் கோவம்.”

“சரி. செருப்புக்குக் கோவம்.”

வாண்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நீ ஏம்மா தூங்கிக்கிட்டே பேசுற?”

நான்காம் அத்தியாயம் மூச்சுப் பயிற்சி. சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல் குழந்தையை மெதுவாக ஊதச் சொல்ல வேண்டும். வாண்டு ஆர்வமாக ஊதினாள். பாதி காற்று, பாதி எச்சில். அம்மாவின் முகமெல்லாம் நனைந்துவிட்டது.

“கோவம் போச்சா?” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“எனக்குப் போச்சு. உனக்கு?”

கதை சொல்லலாம் என்று ஒருநாள் முயல் படம் போட்ட புத்தகத்தை எடுத்தாள். படுத்தபடியே படித்தாள். பழக்க தோஷம், ‘முயல் கமா காட்டுக்குள் போனது புள்ளி’ என்று வாயில் வந்துவிட்டது. வாண்டு உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, “கமா யாரு?” என்றாள். விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல், “முயலோட தம்பி” என்று முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்தக் கதையும் கமா இல்லாமல் நடக்காது. ஆனால் கதையே வாரத்துக்கு ஒன்றாகிவிட்டது. மாலை ஐந்துக்குமேல் அவளுக்குத் தொண்டையில் மணலைக் கொட்டியதுபோல் இருக்கும். “குளி”, “சாப்பிடு”, “படு” என்று ஒற்றைச் சொல்லாகச் செலவழிப்பாள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் படம் வரையச் சொல்லியிருந்தது. வாண்டு ஒரு பெரிய வட்டம் போட்டாள், இரண்டு கண் வைத்தாள், தலைமுடிக்கு நாலு கோடு இழுத்தாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

“யாரு இது?”

“நீதான்.”

“வாய் எங்க?”

“வாய் ஆபீஸ்ல இருக்கு.”

அவள் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஏன் வைத்துக்கொண்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் ஏழாம் அத்தியாயம். மதியத்துக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடி பென்சிலும் கையுமாகக் குனிந்திருந்தார். அவள் படித்துக்கொண்டே போனாள்: “தாய் வீடு திரும்பியதும் முதல் பத்து நிமிடம் குழந்தையோடு மனம்விட்டுப் பேச வேண்டும் கமா அதற்குக் குரல் மிச்சம் இருந்தால் புள்ளி.”

கண்ணாடி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். தாளின் ஓரத்தில் என்னவோ எழுதினார். அவள் அந்த இடைவெளியில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். தட்டச்சு செய்கிறவர் வரிகளை விழுங்குவது புதிதல்ல. ஒரு நாளைக்கு நாலைந்து இடத்தில் இப்படி நிறுத்துவார். அவர் தலையாட்ட, அவள் மேலே தொடர்ந்தாள்.

நான்கு நாள் கழித்து டாக்டரம்மா, தன் பார்வைக்கு அனுப்பிய திருத்தத் தாள்களோடு நேரில் வந்தார். முதலாளியின் அறைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். நல்லவேளை, முதலாளி வங்கிக்குப் போயிருந்தார். டாக்டரம்மா ஒரு தாளை மேசையில் வைத்து ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இது நான் எழுதினது இல்லையே.”

கண்ணாடியின் கையெழுத்தில், ‘அதற்குக் குரல் மிச்சம் இருந்தால்’ என்றிருந்தது.

“காதுல விழுந்துச்சு, எழுதினேன்” என்றார் கண்ணாடி. “நான் எதையும் சொந்தமா எழுத மாட்டேன் மேடம். எனக்கு அவ்வளவு ஞானம் கிடையாது.”

அவள் கைப்பிரதியைப் புரட்டிப் பார்த்தாள். பச்சை மையில், ‘பேச வேண்டும்’ என்பதோடு வாக்கியம் முடிந்திருந்தது. “நான்தான் சொல்லியிருக்கணும். சொன்னது எனக்கே தெரியல. மன்னிச்சுடுங்க.”

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பேனாவின் மூடியைத் திறந்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிப்பீங்க?”

“ஆறு, ஏழு.”

“குழந்தை இருக்கா?”

“பொண்ணு. நாலு வயசு. கடிக்கிறா.” கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

“எந்த நேரத்துல?”

யாரை, எத்தனை தடவை, எவ்வளவு ஆழமாக என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். நேரத்தை யாரும் கேட்டதில்லை. நினைத்துப் பார்த்தாள். “ரெண்டு தடவையும் சாயந்திரம். நான் கூப்பிட வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

“ம்” என்றார் டாக்டரம்மா. ஓரத்தில் இருந்த வரியை அழுத்தமாக ஒரே கோட்டில் அடித்தார். “புத்தகத்துல இது வேண்டாம். வாங்குறவங்க ஏற்கெனவே பயந்துபோய்த்தான் வாங்குறாங்க.” கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்கு அவரைப் பார்க்க நோயாளிகள் வருவார்கள். வாசல்வரை போனவர் திரும்பி, அடித்த தாளை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

மேசைக்குத் திரும்பியதும் கண்ணாடி வெகுநேரம் பென்சில் சீவினார். “ஏன் ரேடியோ, நீ சொன்னதுன்னு தெரிஞ்சிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன்.”

“நீங்க எதைத்தான் தெரிஞ்சு எழுதியிருக்கீங்க அண்ணா.”

“அதுவும் சரிதான்.” சீவிய பென்சிலை அவள் பக்கம் உருட்டிவிட்டார். “இந்தா. மூணு மணிக்குமேல இனி நான் படிக்கிறேன், நீ பாரு. யாருகிட்டயும் சொல்லாத.”

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஏழு வருடமாக எதுவும் மண்டையில் ஏறாமல் திருத்தியவர், வாயால் படிக்க ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் அனுபவிக்கத் தொடங்கிவிட்டார். குரல் ஏறியது, இறங்கியது, நடுங்கியது. ஜன்னலோரம் நின்று அம்மாவுக்காகக் காத்திருக்கும் குழந்தையைப் பற்றிய பத்தியில், “கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அது தலை தூக்கிப் பார்க்கும் புள்ளி” என்று படித்துவிட்டு, “அடப்பாவமே” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அடப்பாவமே அதுல இருக்கா அண்ணா?”

“இல்ல. அது நான்.”

அவளும் அந்தப் பத்தியில் அப்படியே நின்றுவிட்டாள். அன்று அவள் பார்த்த பக்கங்களில் ஆறு பிழைகள் தப்பியிருந்தன. மறுநாள் முதலாளி வருவதற்கு முன்னால் இரண்டு பேரும் அரை மணி நேரம் முன்னதாக வந்து, அவற்றை மறுபடி சரிபார்த்தார்கள். அந்த அரை மணி நேரத்துக்காக வாண்டுவை விடிந்தும் விடியாமலும் எழுப்ப வேண்டியிருந்தது. மிச்சம் பிடித்தது ஒரு பக்கம் என்றால் செலவு இன்னொரு பக்கம். ஆனாலும் மாலையில் தொண்டை கொஞ்சம் தன்னுடையதாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காப்பகத்தின் கதவருகிலேயே டீச்சர் நின்றுகொண்டிருந்தார். முகம் சரியில்லை. கன்னமா, தோளா என்ற கேள்வி அவளுக்கு வாய்வரை வந்து நின்றது.

“உள்ள வாங்க” என்றார் டீச்சர். “யாரையும் கடிக்கல.”

“அப்புறம்?”

“அதே பஸ்ஸுதான். அந்தப் பையன் புடுங்கினான். இவ வாயைத் தொறந்தா. நான் அந்த மூலையிலேர்ந்து ஓடி வர்றேன், அதுக்குள்ள…” டீச்சர் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். “தன் கையையே கடிச்சுக்கிட்டா. விடவே மாட்டேங்கிறா. நான்தான் மெதுவா வாயைப் பிரிச்சேன்.”

அவள் கண் உள்ளே மகளைத் தேடியது.

“பதினெட்டு வருஷமா நடத்துறேன்” என்றார் டீச்சர். “இதை எதுல சேர்க்கிறதுன்னு எனக்குத் தெரியல.” ஒரு பெருமூச்சு விட்டார். “திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க. மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.”

இடம் தப்பியது. இதற்காகத்தான் மூன்று வாரமாகப் புத்தகத்தை மனப்பாடம் செய்தாள். ஆனால் சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வாண்டு செருப்பு வைக்கிற பலகையில் உட்கார்ந்திருந்தாள், பை தோளில், கண் கதவின் மேல். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் யாரையும் கடிக்கலம்மா.”

“டீச்சர் சொன்னாங்க.”

வாண்டு கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே சின்னச் சின்னப் பற்களின் தடம், மேல்வரிசையும் கீழ்வரிசையும் சுத்தமாகப் பதிந்திருந்தது. பெயர் சொல்ல வேண்டும், மூச்சு விடச் சொல்ல வேண்டும், படம் வரையச் சொல்ல வேண்டும். இரண்டாம் அத்தியாயம், நான்காம் அத்தியாயம், ஐந்தாம் அத்தியாயம். இதற்கென்று அத்தியாயம் எதுவும் அவள் வாசித்ததில் இல்லை. கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தடவினாள்.

“வலிக்குதாடி?”

“ரொம்ப.” பிறகு வாண்டு அவள் வாயையே பார்த்தாள். “வாய் வந்துடுச்சா?”

“கொஞ்சம் வந்திருக்கு.”

“அப்போ பஸ்ல கத சொல்லு. கமாவும் வரணும்.”

பேருந்தில் இரட்டை இருக்கை கிடைத்தது அதிர்ஷ்டம். அவள் ஆரம்பித்தாள். முயலும் அதன் தம்பி கமாவும் அம்மா முயலுக்காகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். பேருந்து வந்தது; அம்மா இறங்கவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. கமாவுக்குக் கோபம் வந்து நிறுத்தத்தின் கம்பியைக் கடித்தது. வாண்டு கடித்த கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு கேட்டாள்.

நான்காவது நிறுத்தத்தில் குரல் போய்விட்டது. கனைத்துப் பார்த்தாள், வரவில்லை. கண் தானாகச் சொருகியது. திங்கட்கிழமை அந்தப் புத்தகத்தின் இரண்டாம் திருத்தம் மேசைக்கு வரும். பதினான்கு அத்தியாயத்தையும் முதலிலிருந்து மறுபடி வாசித்தாக வேண்டும்.

“அப்புறம்?” என்றாள் வாண்டு. பதில் வரவில்லை என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பி, “அப்புறம் அவங்கம்மா நடந்தே வந்தாங்க” என்று தானே தொடர்ந்தாள். “ரொம்ப தூரம். காலெல்லாம் வலிச்சுச்சு. கமா சொல்லிச்சு…”

அவள் மகளின் தலையில் தன் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வாண்டு முழங்கையால் ஓர் இடி இடித்தாள். “தூங்காதம்மா. கத இன்னும் முடியல.”