குதிகால் எட்டும் வண்டி

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அவளுக்கு, உயரமான வாடிக்கையாளரின் காதில் கண்ணாடியைப் பொருத்த ஒரு முக்காலி வேண்டியிருந்தது. கணவர் அவளை அழைத்ததே ‘அரைப்படி’ என்றுதான். அவர் ரொட்டிக்கடையில் அடுப்பு மாஸ்டர். நல்ல கனமான ஆள். ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் சான்றிதழ் கேட்டு அவளிடம் வந்தவர். ஒரு கண்ணில் பார்வை மிகக் குறைவு என்று கண்டு அவள் கையெழுத்திட மறுத்துவிட்டாள்.

“லைசென்ஸ்தான் தரமாட்ட. நீயே டிரைவரா வந்துடேன்” என்று மறுவாரம் வந்து நின்றார். வந்துவிட்டாள்.

ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்பது இருவருக்கும் தீராத ஆசை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, பழைய டூரிங் பைக் ஒன்று விலைக்கு வந்தது. இருபுறமும் பெட்டி வைத்த நெடிய வண்டி. தெருமுனை மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு பார்க்கப் போனார்கள். சங்கிலி, டயர், இன்ஜின் எல்லாவற்றுக்கும் தலையசைத்த மெக்கானிக், அவள் ஏறி உட்கார்ந்ததும் முகம் சுளித்தான். கால்விரல் நுனி மட்டுமே தரையைத் தொட்டது.

“சர்க்கஸ்ல சேர்ந்துடலாம்” என்று சிரித்த கணவர், பின்னால் தொப்பென்று ஏறி உட்கார்ந்தார். ஸ்பிரிங் அமுங்கியது. அவள் குதிகால்கள் தரையில் படிந்தன.

“எட்டுதா?”

“எட்டுது!”

“அது கணக்கில்ல அக்கா” என்றான் மெக்கானிக். “தனியா உக்காந்தா எட்டணும். குள்ளமா இருக்கவங்க முதல்ல பாக்கவேண்டியதே அதுதான். சீட்டுப் பஞ்சைக் கொஞ்சம் வெட்டி, ஸ்பிரிங்கையும் இறக்கிக் குடுக்கறேன்.”

“பஞ்சை வெட்டினா எனக்கு வலிக்கும்டா. மூட்டைக்கு மரியாதை வேணாமா?” என்றார் கணவர்.

“தனியா நான் எங்க போகப்போறேன்?” என்றாள் அவள்.

அந்தப் பேச்சோடு வண்டி வீட்டுக்கு வந்தது. ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போதே இருவரும் ஏறிக்கொள்வார்கள். அதன் பிறகே அவள் வண்டியை நிமிர்த்துவாள். விடுமுறை கிடைத்தால் கிளம்பிவிடுவார்கள். மலைப்பாதை, அணைக்கட்டு, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஊர்கள். ஒவ்வொரு சிக்னலிலும் பின்னாலிருந்து “எட்டுதா?” என்பார். “எட்டுது” என்பாள். இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின.

ஒருநாள் ரயில்வே கேட்டில் நின்றபோது குதிகால் தரையில் படியவில்லை. செருப்பைக் குறை சொன்னாள். அடுத்த வாரம் குதிகால் இன்னும் மேலே தூக்கியது. நேரே பட்டறைக்கு விட்டாள்.

“ஸ்பிரிங்கை யாரோ இறுக்கியிருக்காங்க” என்றாள்.

மெக்கானிக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். “வாங்கினப்ப அடையாளத்துக்கு நான் பெயிண்ட் வச்ச இடத்துலயேதான் இருக்கு அக்கா. யாரும் கைவைக்கல. வண்டி மாறல.”

நிமிர்ந்தவனின் பார்வை அவளைத் தாண்டிப் போனது. அவளும் திரும்பிப் பார்த்தாள். கணவர் ஓரமாக நின்று, இடுப்பை விட்டு நழுவிய கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“அடுப்புச் சூட்டுல உருகிட்டேன் போல” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வயிற்றுக்குள் இருந்த நோயை மருத்துவர் பிறகுதான் பெயர் சொல்லி அழைத்தார். அறுவைக்கு நேரம் கடந்துவிட்டது என்றார். அதன்பின் அந்த வண்டி மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடியது. ஆட்டோவில் போகலாம் என்றால் அவர் கேட்கவில்லை. சிக்னலில் “எட்டுதா?” என்பார். விரல் நுனியில் நின்று, தொடை நடுங்க நடுங்க “எட்டுது” என்பாள்.

பிறகொரு நாள், மருத்துவமனைக்குப் போகும் வழியில், உண்மையாகவே எட்டியது. இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தன. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

“உடம்பு தேறியிருக்கு உங்களுக்கு! எனக்கு நல்லாத் தெரியுது.”

“நீ சொன்னா சரிதான், அரைப்படி” என்றார், அவள் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு.

திரும்பி வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டு, போன முறை வைத்த மருந்துச் சீட்டை எடுக்க வண்டிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு சிறிய மாவு மூட்டைகள். எதிர்ப்பக்கப் பெட்டியிலும் இரண்டு. ரொட்டிக்கடைப் பையன்களிடம் சொல்லி ஏற்றி வைத்திருக்கிறார். பிறகு மூடியைச் சத்தம் வராமல் சாத்தினாள்.

அடுத்த முறை சிக்னலில், “எட்டுதா?”

“எட்டுது.”

அவர் போன பிறகு வண்டி முற்றத்தில் நின்றது. ஒருமுறை தனியாக ஏறிப் பார்த்தாள். தரை எங்கோ கீழே கிடந்தது. சீட்டை இறக்கித் தருவதாக மெக்கானிக் மறுபடி சொன்னபோது, “வித்துடு தம்பி” என்றாள்.

மெக்கானிக்கோடு வண்டியை வாங்க வந்தவன் குட்டையான வாலிபன். கூடவே புது மனைவி. அவன் ஏறிக் கால்விரலால் தரையைத் துழாவினான். மனைவி சிரித்துக்கொண்டே பின்னால் தாவி ஏறினாள்.

“இப்ப எட்டுது! முடிச்சிடலாம் அக்கா” என்றான் அவன்.

“நீ இறங்கும்மா” என்றாள் இவள். “அவர் தனியா உக்காரட்டும்.”

“நான் இல்லாம இவரு எங்க போகப்போறாரு அக்கா?” என்று அந்தப் பெண் அவன் முதுகில் செல்லமாகக் குத்தினாள்.

நீட்டியிருந்த சாவி மீண்டும் இவள் கைக்குள் போனது. மெக்கானிக் தலை குனிந்துகொண்டான்.

“தம்பி, சீட்டுப் பஞ்சை வெட்டு. ஸ்பிரிங்கையும் இறக்கு. இவர் கால் தனியா எட்டின பிறகுதான் சாவி.”

“என்னக்கா, இவ்வளவு பிடிவாதம்?” என்றான் வாலிபன்.

இவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, மெதுவாக, வண்டியிலிருந்து இறக்கிவிட்டாள்.