நூரியாவின் வலது முழங்கால்

ஈரச் சப்பாத்தின் மணமும், மூக்கில் குளிர்ந்து ஏறும் வலிக் களிம்பின் மணமும் கலந்து, ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டு "ஷெல்லர்" என்ற நிலக்கீழ் அறையிலிருந்து படிவழியே சமையலறை வரைக்கும் ஏறிவரும். அந்த ஆண்டு அங்கே நூரியா குடியிருந்தாள். ஒஸ்லோவின் பெண்கள் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றுக்காக நடுக்களத்தில் விளையாட ஸ்பெயினிலிருந்து வந்த பத்தொன்பது வயதுக்காரி. அதுதான் அவளுடைய முதல் ஒப்பந்தம், அதுவும் கோடை முடியும் வரைக்கும் மட்டும். ஞாயிறு பூசையில் கடைசி வாங்கில் தனியே இருந்தவளை, மன்னாரிலிருந்து வந்த என் அம்மா, "இந்தக் குளிருக்குள்ளை இவள் தனிய எங்கை இருக்கிறாளோ" என்று விசாரித்து வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. நூரியாவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், அம்மாவுக்கு அதுவும் இல்லை; ஆகவே இருவருக்கும் நடுவே என் பள்ளிக்கூட ஆங்கிலம்தான் ஓடித்திரிந்தது. "வடிவாச் சாப்பிடச் சொல்லு", "தலையை மூடிக்கொண்டு போகச் சொல்லு" என்ற அளவில் இருந்தவரை அது எனக்குப் பெருமையான வேலையாக இருந்தது.

பனி உருகத் தொடங்கியபோது அவள் படியேறும் ஓசை மாறியது. ஒரு காலை வைத்து, மற்றதை இழுத்து, கைபிடியில் சாய்ந்து மூச்சுவிட்டு ஏறினாள். மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கும் அம்மா ஒரு மாலை அவளைக் கதிரையில் இருத்தி, காற்சட்டையை உயர்த்திப் பார்த்தார். வலது முழங்கால் பேக்கரிப் பணிஸ் போல உப்பி வீங்கியிருந்தது.

"பயிற்சி குடுக்கிறவையிட்டைச் சொல்லச் சொல்லு," என்றார் அம்மா.

நான் சொன்னேன். நூரியா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, தெரிந்தால் அடுத்த ஒப்பந்தம் தரமாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றாள். அதைத் தமிழில் சொல்லும்போது என் குரலும் கெஞ்சியது.

"அது அவளின்ரை பிழைப்பு, நாங்கள் தலைபோடக் கூடாது," என்றார் அப்பா.

"கால் போனால் பிறகு என்ன பிழைப்பு?" என்று அம்மா கேட்டார், ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் பயிற்சிக்குப் போன ஒவ்வொரு மாலையும், கதவு திறக்கும்வரை, நான் படியடியிலேயே காத்திருந்தேன்.

கடைசி நேரத்தில் மட்டும் களமிறக்கப்பட்டு வந்த நூரியாவை, கோடை விடுமுறைக்கு முந்திய ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே விளையாட விட்டார்கள். நாங்கள் மூவரும் போனோம். பந்து வருமுன்னரே இருபுறமும் தலை திருப்பிப் பார்த்து, வந்ததும் ஒரே தட்டில் அதை எதிரணியின் முதுகுக்குப் பின்னே அனுப்பினாள். பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். நான் பந்தைப் பார்க்கவே இல்லை, முழங்காலைத்தான் பார்த்தேன். அம்மாவின் கை மேலங்கிப் பைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாம் பாதியில், ஒருவரும் இடிக்காமலே, அவள் நின்றாள். காலடியிலிருந்த பந்தை மெல்ல வெளியே தட்டிவிட்டு, தானாகவே கையை உயர்த்தி, தன்னை மாற்றும்படி கேட்டாள். அழுதுகொண்டு வெளியேறியவளைப் பார்த்து, "அப்பாடா" என்று அம்மா அங்கேயே வாங்கில் சாய்ந்து இருந்துவிட்டார்.

குருத்தெலும்பு கிழிந்திருந்தது. கழகம் சத்திரசிகிச்சை செய்வித்தது, ஒப்பந்தத்தை நீட்டவில்லை. இலையுதிர் காலத்தில் ஹொல்ம்லியா ரயில் நிலையத்தில், ஊன்றுகோலோடு நின்றபடி, ஒளித்ததற்கு அம்மாவுக்குக் கோபமா என்று கேட்கச் சொன்னாள்.

"இல்லையெண்டு சொல்லு," என்றார் அம்மா. "போய்ச் சேர்ந்த உடனை போன் எடுக்கச் சொல்லு."

எடுத்தாள். பிறகு இரண்டு ஆண்டுகள் எந்த அணியும் அவளைச் சேர்க்கவில்லை. ஒரு சிறு நகர அணியில் மறுபடி தொடங்கி, இன்று ஸ்பெயினின் முதற்பிரிவில் நடுக்களம் ஆடுகிறாள். நாங்கள் பக்கத்திலுள்ள ஹவுகெட்டோவுக்கு வீடு மாறிவிட்டோம். அந்தக் கழகம் கலைந்துவிட்டது, திடலில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவளுடைய ஆட்டம் தொலைக்காட்சியில் வந்தால் அம்மாதான் முதலில் வந்து கதிரையில் இருப்பார். அவள் விழுந்தாலோ உடனே தொலைக்காட்சியையே அணைத்துவிடுவார். எழும்பினாளா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் நான்தான் திரும்பப் போடவேண்டியிருக்கிறது.