பத்ருன்னிசா கடையில் லோகுவின் போன்

“ஆன் ஆவலன்னு மட்டும் சொல்லுவானுங்கோ. இன்னா பண்ணேன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான்.”

கும்மிடிப்பூண்டி பஜாரில், சிப்காட் போகும் ரோட்டுத் திருப்பத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பத்ருன்னிசா அக்கா, இந்த ஒரு குறையை நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். மூக்கால் சொல்வார். பதினைந்து வருடமாகச் சால்டரிங் புகை ஏறிய மூக்கு. அதில் வரும் ‘இன்னா’வை மட்டும், எதிரில் நிற்பவனின் காலரைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி இழுப்பார்.

எதிரில் நிற்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து இரும்பு மில்லில் ஷிஃப்ட் பார்க்கிறவன் தலையைச் சொறிந்துகொண்டே, “சும்மா பாக்கெட்ல வெச்சிகினு இருந்தேன்க்கா. அதுவா செத்துப்போச்சு” என்பான். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்திவிட்டு வந்த டிரைவர், “எங்க நைனா மேல சத்தியமா தண்ணி படலம்மா” என்று கவுண்டரில் அடிப்பான். அடித்த அடியில் போனின் ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டும்.

அக்கா டார்ச்சை எடுத்துச் சார்ஜ் போடும் துளைக்குள் பார்ப்பார். “எந்த மில்லு?”

இந்த ஊர் போன்களுக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு நோய் உண்டு. போனின் ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. மில்லின் காற்றில் இரும்புத்தூள் இருக்கிறது. இரண்டும் சும்மா இருக்குமா. ஆறே மாதத்தில் தூள் போய் அப்பி, சார்ஜ் போடும் பின்னை அடைத்து, போனைப் பிணமாக்கிவிடும். பாதிப் போன்களுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷும் கொஞ்சம் தின்னரும் போதும், எழுந்து உட்கார்ந்துவிடும்.

மீதிப் பாதி அடிதடி கேஸ். சுவரில் அடித்தது, மச்சான் மண்டையில் அடித்தது, பிடுங்குகிற சண்டையில் ரயிலடியில் விழுந்தது. ஒரு தடவை ஒருத்தன் கொண்டுவந்த போனில், கண்ணாடி விரிசலுக்குள் நீளமாக ஒரு தலைமுடி சிக்கியிருந்தது. வேர்ப்பக்கம் தோலோடு.

“கீழ விழுந்துடுச்சுக்கா.”

“எங்கேர்ந்து?”

“கைலேர்ந்துதான்.”

“யாரு மேல?”

அக்கா அந்தப் போனைக் கவுண்டர் விளிம்பில் வைத்து, அப்பளம் உடைக்கிற மாதிரி இரண்டாக உடைத்து அவன் கையில் கொடுத்தார். “இப்ப எறி. அவளுக்கு அவ்ளோ வலிக்காது.” அவன் கையை ஓங்கினான். உட்கார்ந்திருந்த இரும்பு ஸ்டூல் அக்காவுக்கு முன்னால் எழுந்தது. அவனுக்குக் காதுக்கு மேல் மூன்று தையல்.

அந்தக் கை அப்படிப் பழகியதற்கு ஒரு கதை இருக்கிறது. அக்கா பழவேற்காட்டு ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பெண். கும்மிடிப்பூண்டியில் அப்துல் ரவூப்புக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு நாள் தம்பி தாஹாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, “யாராண்ட இம்மா நேரம்?” என்று ரவூப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். பிறகு அதே சுவரில் அக்காவை அடித்தார். அக்கா போன் துண்டுகளை ஊறுகாய் பாட்டிலில் பொறுக்கி வைத்தார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு மூன்று மாதம் ரயிலேறிச் சென்னைக்குப் போய் வேலை கற்றுக்கொண்டார். முதன்முதலில் உயிர் கொடுத்தது அந்தப் போனுக்குத்தான். உயிர் வந்ததும் முதல் போன் கால் தாஹாவுக்கு.

“டெம்போ எடுத்துகினு வா. உங்க மச்சானோட சாமானு இருக்குது. அவுங்கம்மா ஊட்ல எறக்கிடு.”

“மச்சானும் வர்றாரா?”

“அவரும் சாமான்தான்டா.”

தன்னிடம் வருகிற ஒவ்வொரு போனின் முதுகிலும் அக்கா டேப் ஒட்டிப் பெயர் எழுதுவார். எந்தக் கை கொடுத்ததோ அந்தக் கையில்தான் போன் திரும்பும். புருஷனே வந்து பொண்டாட்டி போனைக் கேட்டாலும், “குட்த்த கைய கூட்டிகினு வா” என்பார். இதற்காகவே இரண்டு முறை கடைக் கண்ணாடி உடைந்திருக்கிறது.

போன செப்டம்பரில், ஒரு திங்கட்கிழமை காலை, கிறிஸ்டினா வந்தாள். ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் லோகுவின் மனைவி.

“ஆன் ஆவலக்கா.”

“இன்னா பண்ணே?”

“ஒண்ணும் பண்ல.”

அக்கா போனை அவள் பக்கம் தள்ளினார். “ஒண்ணும் பண்லன்னா இது ஆன்ல இருக்கும். அடுத்தது யாரு?”

கிறிஸ்டினா நகரவில்லை. கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்டில், ரோலருக்குள் ஓட வேண்டிய கம்பி தடம் மாறி மேலே எழும்பியது. தணலாய்ச் சிவந்த கம்பி. பாம்பு மாதிரி சுழன்று லோகுவின் வலது கையை இரண்டு சுற்று சுற்றியது. வெட்டி எடுத்தபோது கையில் இரண்டு விரல்தான் இருந்தது, அதுவும் தொங்கிக்கொண்டு. சூப்பர்வைசர் தணிகைவேல் அவனை வேனில் போட்டு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, “பைக்ல போனான், எளாவூராண்ட லாரி அட்ச்சிடுச்சு” என்று எழுத வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு லோகு வேலைக்கே வரவில்லையாம்.

“மில்லுல அடிபட்டுதுன்னு அவனுங்க எழுதிக் குட்த்தாதான் கம்பெனி செலவுல பெரிய ஆஸ்பத்திரில சேப்பாங்களாம்க்கா. இல்லன்னா அந்த ரெண்டு வெரலும் போய்டுமாம். டாக்டரு வியாழக்கெழம வரைக்கும்தான் டைம்னாரு.”

“இதுல இன்னா இருக்குது?”

“செல்ஃபி.”

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அங்கே அட்டை கிடையாது, ரெஜிஸ்டர் கிடையாது. காலையில் கேட்டில் நின்று செல்ஃபி எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும், அதுதான் வருகைப் பதிவு. நேற்றைய படத்தைப் போட்டு ஏமாற்றக்கூடாது என்று, படத்தின் மூலையில் தன் மூஞ்சியும் தெரிய வேண்டுமென்று தணிகைவேலே சட்டம் போட்டிருந்தான். சந்தேகம் வந்தால் படத்தில் தான் போட்டிருக்கும் சட்டையைப் பார்த்து நாள் சொல்வான். வெள்ளிக்கிழமை மதியம் குரூப்பைக் கலைத்துவிட்டு, ஒவ்வொருவனையும் எதிரில் நிற்க வைத்துப் படங்களை அழிக்கச் செய்தான். “லோகுன்னு எவனா வாயத் தொறந்தீங்க, அடுத்த கம்பி உங்க கழுத்துல” என்றானாம். மிச்சம் இருந்தது லோகுவின் போன் மட்டும். படங்கள் தானாக நெட்டில் ஏறும் வசதியை லோகு என்றோ நிறுத்தி வைத்திருந்தான். டேட்டா தீர்ந்துவிடுமாம், மகாராஜனுக்கு.

“செரி. இப்ப சொல்லு, இன்னா பண்ணே?”

கிறிஸ்டினா கவுண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “போன் ஃபுல்லா ரத்தமா இருந்துச்சுக்கா. புள்ள அத்த கைல எடுத்துட்டா. கொழாய்ல புட்ச்சி, துணி சோப்பு போட்டு கழுவிட்டேன். அப்பறம் அரிசி டின்ல வெச்சேன், ரெண்டு நாளு. நேத்து சார்ஜ் போட்டேன். சூடாச்சு. அவ்ளோதான்.”

அக்கா திட்டுவார் என்று நாங்கள் பக்கத்து டீக்கடையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். திட்டவில்லை. “கழுவனதுகூட பரவால்ல. அரிசியும் ஒண்ணும் பண்ணாது, நல்லதும் பண்ணாது. ஈரத்துல சார்ஜ் போட்ட பாரு, அதான் கொல” என்று மட்டும் சொல்லி, டேப்பில் கிறிஸ்டினா என்று எழுதி ஒட்டினார்.

பின்மூடியைச் சூடாக்கிப் பிரித்தார். இரும்புத்தூளும் சோப்பும் சேர்ந்து உள்ளே துருச்சேறாக இருந்தது. கொஞ்சம் வேறு சிவப்பும் இருந்தது. அதைத் தனிப் பஞ்சால் துடைத்தார். பேட்டரியைக் கழற்றினார். பிறகு போர்டைக் கழற்றினார். பிஸ்கட் அளவில் ஒரு பச்சைத் தகடு, போனின் மூளையும் ஞாபகமும் அதில்தான். அதைப் பிடிப்பானில் மாட்டி, தின்னரில் தேய்த்து, மிஷினிலிருந்து நாலு வோல்ட் கொடுத்தார். கரண்ட் எகிறியது. எங்கோ ஷார்ட். போர்டின் மேல் ரோசின் என்கிற சால்டரிங் பிசினின் புகையைப் படியவிட்டு மறுபடி கரண்ட் கொடுத்தார். வெள்ளையாகப் படிந்த புகை ஒரே ஒரு இடத்தில் உருகியது. கேழ்வரகில் பாதி இருக்கிற ஒரு சாமான்தான் குற்றவாளி. அதைப் பிடுங்கச் சூடான காற்று ஊதும் கன்னை எடுத்து ஆன் செய்தார்.

அப்போதுதான் தணிகைவேல் பைக்கை நிறுத்தினான். ஆஸ்பத்திரியில் போனைத் தேடிப் போனவனுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் கடையின் அடையாளமே சொல்லி அனுப்பியிருந்தார்.

முதலில் சர்க்கரைக் குரல். “இன்னாக்கா, நாஷ்டா ஆச்சா? நம்ம லோகு போன் ஒண்ணு வந்துச்சாம். அது கம்பெனி போனுக்கா.”

“பின்னாடி கிறிஸ்டினான்னு எழுதிகீது. கம்பெனி பேரு கிறிஸ்டினாவா?”

“பேஜாரு பண்ணாதக்கா. குட்த்துடு.”

“குட்த்த கை இங்கதான் கீது. அதாண்ட கேளு.”

தணிகைவேல் திரும்பி அந்தக் கையைப் பிடித்து முறுக்கினான். கிறிஸ்டினா முட்டிபோட்டு விழுந்தாள். கவுண்டர் கண்ணாடியை உதைத்தான். கண்ணாடி இறங்கியது. கையிலிருந்த ஹெல்மெட்டை வீசி அக்காவின் முகத்தில் அடித்தான். மேலுதடு பிளந்து, முன்பல் ஒன்று தின்னர் டப்பாவில் போய் விழுந்தது. அடுத்த அடிக்கு ஓங்கிய கையை அக்கா மணிக்கட்டில் பிடித்தார். மேசைமேல் அழுத்தினார். ஓடிக்கொண்டிருந்த கன்னை அதன்மேல் வைத்தார். எடுக்கவில்லை.

அவன் அலறினான். மில்லில் சைரன் ஊதினால்கூட அப்படிக் கேட்காது. தோல் வெந்த வாசம் டீக்கடை வரைக்கும் வந்தது. பஜாரே நின்று பார்த்தது. ஒருத்தரும் உள்ளே போகவில்லை. கையில் டீ கிளாஸோடு நானும் போகவில்லை.

கையை உருவிக்கொண்டவன், மேசையில் கிறிஸ்டினா என்று டேப் ஒட்டிக் கிடந்த போனை நல்ல கையால் அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். கல்லைத் தூக்கி அதன்மேல் போட்டான். மறுபடி போட்டான். திரை தூளாகி, தகரம் நெளிந்து, சட்டம் முறிகிற வரைக்கும் போட்டான். “இப்ப ஆன் பண்ணுங்கடி” என்று சொல்லி, பைக்கை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு போனான்.

அவன் அடித்தது வெறும் ஓடு. போர்டு பிடிப்பானில் அப்படியே இருந்தது. போன் என்றால் திரையும் முதுகும்தான் என்று நினைக்கிறவன், பாவம், தினம் நூறு பேரின் போனுக்கு முகம் காட்டுகிறவன்.

“பஞ்சு குடு” என்றார் அக்கா. கிறிஸ்டினா உதட்டுக்கு என்று நினைத்துக் கொடுத்தாள். அக்கா போர்டின் மேல் சொட்டியிருந்த தன் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கன்னை எடுத்து அந்த அரைக் கேழ்வரகைப் பிடுங்கினார். கரண்ட் இறங்கியது. அதே மாடலில், போர்டு செத்து, திரை நன்றாக இருந்த பழைய போன் ஒன்று டப்பாவில் கிடந்தது. அதற்குள் இந்தப் போர்டை வைத்து, பேட்டரியை மாட்டி, பவர் பட்டனை அழுத்தினார். அதிர்ந்தது. வெளிச்சம் வந்தது. கிறிஸ்டினா வீங்கிய மணிக்கட்டோடு பேட்டர்ன் போட்டாள்.

வெள்ளிக்கிழமை, காலை ஐந்து ஐம்பத்திரண்டு. மஞ்சள் ஹெல்மெட்டில் லோகு. வலது கையால் கட்டை விரல் காட்டிக்கொண்டு நின்றான். பின்னால் மில் கேட். மூலையில், கொட்டாவி விட்டுக்கொண்டு தணிகைவேல்.

பத்து நிமிடத்தில் பஜாரில் இருந்த அத்தனை போனுக்கும் அந்தப் படம் போனது. வேடிக்கை பார்த்த எங்களுக்கு அதையாவது செய்ய முடிந்தது. சாயங்காலம் தொழிற்சாலை ஆய்வாளரின் மேசையில் கிறிஸ்டினா போனையே வைத்தாள். புதன்கிழமை காண்ட்ராக்டர் விபத்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே லோகுவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரலும் தங்கிவிட்டன.

அதற்கு இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, தணிகைவேல் கையில் பெரிய கட்டோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தன் கையைக் கொளுத்திவிட்டதாகப் புகார் கொடுத்தான். அக்காவைக் கூப்பிட்டார்கள். உதட்டில் நாலு தையல், பல் இல்லாத இடத்தில் பஞ்சு. ஏட்டு சாலமோன் தணிகைவேலின் கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னார். பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏம்மா, அவன் அட்ச்சது தப்புதான், கேஸ் போட்றோம். அதுக்குன்னு இப்டியா? எலும்பு தெரியுது. பொம்பளைக்கு கொஞ்சம் பொறும வேணாமா? தெரியாம பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த எழுதிக் குட்த்துட்டு போ.”

அக்கா வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“பொறுமையாதான் சார் இருந்தேன். அந்த கன்னு ஐந்நூறு டிகிரி வரைக்கும் போவும். போர்டு கருகிடக் கூடாதேன்னு முந்நூத்தம்பதுலதான் வெச்சிருந்தேன். வர்றது இவன் கைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, ஏத்தி வெச்சிருப்பேன்.”