ஆர்கனின் கிறீச்சு

சர்க்கரை நோய் முற்றி, என் மனைவியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது, "ஞாயித்துக்கிழமை ஆர்கன் யாருங்க வாசிப்பாங்க?" எனக்கு வந்த ஆத்திரத்தில் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். காலே போய்விட்டது, இவளுக்கு ஆர்கன் கவலை.

திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவளுக்குப் பிறந்த ஊர். அங்கே உள்ள சர்ச்சில் வெள்ளைக்காரர் காலத்து ஆர்கன் ஒன்று உண்டு. இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்தால்தான் துருத்தி வேலை செய்யும், விரலால் கட்டையை அழுத்தினால் சத்தம் வரும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அதை வாசிக்க உட்கார்ந்தவள். தொண்ணூற்று மூன்றில் என்னைக் கட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கு வந்த பிறகும், ஞாயிறு விடிந்தால் பஸ் ஏறிவிடுவாள். மற்ற நாளெல்லாம் என் கேசட் பதிவுக் கடையில் அவள்தான் கல்லா. அந்த ஒரு காலையில் மட்டும் அவளை யாரும் என் மனைவி என்று சொல்ல மாட்டார்கள். நான்தான் ஆர்கன்காரம்மா வீட்டுக்காரர்.

ஊன்றுகோலோடு போய் ஒற்றைக் காலால் மிதித்துப் பார்த்தாள். முதல் சரணத்திலேயே ஆர்கனுக்கும் மூச்சு போயிற்று, அவளுக்கும் போயிற்று. சபைச் செயலாளர் நல்லவிதமாகத்தான் சொன்னார்.

"நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா. கண்டமங்கலத்துல கீபோர்டு வாசிக்கிறவரு ஒருத்தர் இருக்காரு, பீட்டெல்லாம் போட்டு வாசிப்பாரு. இந்த ஆர்கனையும் ஆரோவில் பக்கம் பழைய சாமான் கடைக்காரர் கேட்டுக்கினே இருக்காரு."

"எனக்குக் கால்தான் போச்சு. கை போவல," என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கேசட் செத்த பிறகு கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவு செய்துதான் நான் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கட்டையின் சத்தத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டால், சாதாரண கீபோர்டை அதில் மாட்டி அதே ஆர்கனை வாசிக்கலாம். மிதிக்க வேண்டியதில்லை. செயலாளரிடம் சொன்னேன். அறுப்பின் பண்டிகை அன்று வாசித்துக் காட்டட்டும், சபை ஒழுங்காகப் பாடிவிட்டால் அவளே தொடரட்டும் என்றார்.

வார நாட்களில் மத்தியானம் போய்ப் பதிவு செய்தோம். நான் தரையில் உட்கார்ந்து, மிதிக்கும் பலகைகளைக் கையால் அமுக்கித் துருத்தியை ஓட்டினேன். பிறகு கையை எடுப்பேன், அவள் ஒரு கட்டையை அழுத்திப் பிடிப்பாள். சரியாக அந்த நேரம் பார்த்து லாரி ஹாரன் அடிக்கும், இல்லாவிட்டால் மல்லாட்டைக் கடலை உடைக்கிற மிஷின் ஓடும். பேஜார் பிடித்த வேலை. நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். "சர்ச்சுல உக்காந்துக்கினு பேசற பேச்சா இது?" என்பாள்.

அந்தப் பலகைகள் அமுக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டன. எத்தனை எண்ணெய் விட்டும் அடங்காத சத்தம். சிறுவயதில் தோழிகள் அவளைக் 'கிறீச்சு' என்றே கூப்பிடுவார்களாம். "அது மட்டும் வேணாங்க. சுத்தமா எடுத்துடுங்க," என்றாள். எடுத்துவிட்டேன். வீட்டில் வாசித்துக் கேட்டபோது இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

பண்டிகை அன்று பீடத்துக்கு முன்னால் கேப்பைக் கதிரும் பூசணிக்காயும் குவிந்திருந்தன. கண்டமங்கலத்துக்காரர் முன் பெஞ்சிலேயே தயாராக உட்கார்ந்திருந்தார். பாட்டின் முன்பகுதியை அவள் வாசித்தாள், அவ்வளவு இனிமை. சரணம் வந்தது. ஒருவரும் பாடவில்லை. எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். அங்கே ஒருவர் ஆரம்பித்தார், இங்கே ஒருவர் பாதியில் சேர்ந்தார், எல்லாம் குழம்பி நின்றது. செயலாளர் முன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு சரணத்துக்கு முன்னாலும் அவள் துருத்தியை நிரப்ப அழுத்தி மிதிப்பாள். அந்தக் கிறீச்சைக் கேட்டுத்தான் இத்தனை காலம் சபை மூச்சை இழுத்துப் பாட்டை எடுத்திருக்கிறது. அது அவர்களுக்கே தெரியாது. சுவரோரம் கிடந்த பழைய ஆர்கனிடம் போய், வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, பலகைகளை அமுக்கினேன். கிறீச், கிறீச். மொத்த சபையும் ஒரே குரலாகப் பாடத் தொடங்கியது. செயலாளரும் பாடினார்.

ஆராதனை முடிந்ததும் அவரே வந்தார். "அக்காவே வாசிக்கட்டும் சார். ஆனா ஆர்கனைத் தர்றதா அந்தக் கடைக்காரருக்கு வாக்குக் குடுத்துட்டோம், நாளைக்கி வண்டி வருது. நீங்களும் வாராவாரம் தரையில உக்காந்துக்கினு இருக்க முடியுமா?"

கட்டைகளைப் பதிவு செய்தபோது மெஷினை நான் நடுவில் நிறுத்தவேயில்லை; வெட்டி எறிந்த கிறீச்சு கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. அதைக் கீபோர்டின் கடைசிக் கட்டையில் ஏற்றி, வீட்டில் அவளை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அழுத்தினாள். சட்டென்று குனிந்து வலது முழங்காலுக்குக் கீழே கையை நீட்டினாள். அங்கே புடவைதான் இருந்தது.

"வலிக்குதுங்க."

"எங்க?"

"பாதம். மிதிக்கிற எடம்."

எடுத்துவிடுகிறேன் என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம், இருக்கட்டும். சபை பாடணும் இல்ல?"

ஞாயிறுதோறும் சரணத்துக்குச் சரணம் அந்தக் கட்டையை அழுத்துகிறாள். சபை பாடுகிறது. அந்த நேரத்தில் நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.